கடுவனை விடுங்கள், மந்திகளைப் பாருங்கள்

மேற்குக் கென்யாவின் சர்க்கரை ஆலைகளுக்கு வேலைக்கு வந்த நம்மவர்கள் ஞாயிற்றுக்கிழமையானால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று செய்வார்கள். கிசுமுவுக்குப் போய் விக்டோரியா ஏரிக்கரையில் பொரித்த மீன் சாப்பிடுவார்கள். இல்லாவிட்டால் யார் வீட்டிலாவது கூடி, பிரியாணி போட்டு, சாயங்காலம் வரை சீட்டாடுவார்கள். எனக்குச் சீட்டு வராது, மீனும் அலுத்துவிட்டது. அதனால் ககமேகா காட்டைப் பிடித்துக்கொண்டேன். சில வருடங்களாக அங்கே போய்வந்ததில் குரங்கு பார்க்கக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கென்யா என்றதும் மசாய் மாராவுக்கு மட்டும் டிக்கெட் போடுகிற நண்பர்களுக்கு ஒருவேளை பயன்படலாம்.

கிசுமுவிலிருந்து ககமேகா ஊருக்குப் போகும் சாலையில் கயேகா என்ற இடத்தில் மட்டாட்டு என்கிற பயணிகள் வேனை விட்டு இறங்கி, அங்கிருந்து போடாபோடா மோட்டார் சைக்கிளில் ஷின்யாலு வழியாகப் போனால் இசெச்சேனோ வன நிலையம் வரும். காட்டின் தெற்குப் பக்கம் இது; வனத்துறையின் கையில் இருக்கிறது. வடக்கே புயாங்கு பகுதி வனவிலங்குத் துறையுடையது. 1985-இல் தேசியக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. காங்கோப் படுகையின் மழைக்காடு ஒரு காலத்தில் இவ்வளவு தூரம் கிழக்கே நீண்டிருந்தது. கென்யாவில் அதில் மிஞ்சிய துண்டு இது. காப்புக்காடு என்று எல்லை போட்ட பரப்பு சுமார் 240 சதுர கிலோமீட்டர்; அதில் உண்மையாகவே காடாக நிற்பது இன்னும் குறைவு. கடல்மட்டத்துக்கு 1,500 மீட்டருக்கு மேலே இருப்பதால் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் என்றாலும் காலையில் ஸ்வெட்டர் வேண்டும்.

சிங்கமும் யானையும் இங்கே கிடையாது. அதனால் கூட்டமும் கிடையாது. நடந்தே சுற்றலாம். ஜீப்பின் கூரையைத் திறந்து எட்டிப் பார்க்கிற சுற்றுலாவோடு ஒப்பிட்டால் எனக்கு இது எவ்வளவோ மேல்.

மரத்தில் மூன்று வகைக் குரங்குகளைச் சாதாரணமாகப் பார்க்கலாம். தோளிலிருந்து வெள்ளைச் சால்வை தொங்குகிற ம்பேகா, அதாவது கொலோபஸ். மூக்கில் வெள்ளைப் பொட்டு வைத்த செவ்வால் குரங்கு. மூன்றாவது, இங்கத்தியர் கிமா என்கிற நீலக் குரங்கு. பெயரில்தான் நீலம். உடம்பு சாம்பலும் கருப்புமாக இருக்கும். புருவத்துக்கு மேலே வெளிறிய பட்டை ஒன்று. நல்ல வெளிச்சத்தில் முகத்தின் முடியில்லாத தோலில் லேசான நீலச் சாயல் தெரியலாம், தெரியாமலும் போகலாம். பயணிகள் பொதுவாக ம்பேகாவைப் படம் எடுத்துவிட்டு, கிமாவை "அது கருப்புக் குரங்கு" என்று தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு மூன்றிலும் பார்க்கத் திகட்டாதது கிமாதான்.

யாரை அழைத்துப் போனாலும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். என் மகளும் கேட்டாள். "அப்பா, இதுல தலைவன் எது?"

காட்டுவது சுலபம். கூட்டத்தில் வளர்ந்த ஆண் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். நம்மூர் நாட்டுக்குரங்குக் கூட்டத்தில் பல கடுவன்கள் சேர்ந்து வாழும். நீலக் குரங்கின் வழக்கம் அப்படியில்லை. பெண் நாலு கிலோ என்றால் கடுவன் ஏழெட்டுக் கிலோ இருக்கும். கன்னமெல்லாம் புசுபுசுவென்று முடி வைத்துக்கொண்டு, கூட்டத்தை விட்டுச் சற்றுத் தள்ளி, தனிக் கிளையில் அமர்ந்திருக்கும். கேமராக்கள் எல்லாம் அந்தப் பக்கமே திரும்பும். ஆனால் அந்தக் கூட்டத்தில் கடுவனின் நிலை வாடகைக்கு வந்தவனின் நிலைதான். வேறு எங்கோ பிறந்து, ஏழு வயது வாக்கில் தாய்வீட்டை விட்டுக் கிளம்பி, தனியாக அலைந்து, முன்பிருந்த கடுவனைத் துரத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறது. சில கடுவன்கள் சில மாதங்களில் காலி செய்துவிடும், சில பல வருடம் தாக்குப்பிடிக்கும். போகத்தான் வேண்டும்.

மந்திகள் போகாது. பிறந்த கூட்டத்திலேயே வாழ்ந்து அங்கேயே சாகும். பாட்டி, மகள், பேத்தி, சித்தி, அவள் மகள் என்று கூட்டமே பெண்வழிச் சொந்தம். எந்த அத்திமரம் எந்த மாதம் பழுக்கும், பக்கத்துக் கூட்டத்தின் எல்லை எந்த ஓடையில் தொடங்குகிறது என்பதெல்லாம் அந்தப் பெண்களின் தலையில்தான் இருக்கிறது. எனவே குரங்கு பார்க்க வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது: கடுவனை ஐந்து நிமிடம் பாருங்கள், ஆசை தீரப் படம் எடுங்கள். பிறகு மறந்துவிடுங்கள்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் இசுகா இனத்தைச் சேர்ந்த உள்ளூர் வழிகாட்டி ஒருவர். "நடந்துகொண்டே இருந்தால் வால்தான் தெரியும். உட்கார்" என்பார். காட்டில் நுழைந்ததும் பல கூட்டங்களைத் துரத்தித் துரத்திப் பார்ப்பது நம் இயல்பு. அவர் வழி வேறு. ஒரு கூட்டத்தோடு காலையிலிருந்து மதியம் வரை இருக்க வேண்டும். அதிலும் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து, அவள் என்ன செய்கிறாள், யார் பக்கத்தில் உட்காருகிறாள், யார் வந்தால் எழுந்து இடம் விடுகிறாள் என்று மட்டும் கவனிக்க வேண்டும். அடையாளத்துக்குக் கொஞ்சம் பழக வேண்டும். வாலில் ஒரு மடிப்பு, காதின் ஓரத்தில் ஒரு கிழிசல், கோணிய விரல், புருவப் பட்டையின் வடிவம், குட்டி போட்டவளானால் முலைக்காம்பின் நீளம். நான் வைத்த பெயர்கள் 'வால்மடிச்சி', 'காதறுந்தவள்' போன்ற ரகம். விஞ்ஞானிகளும் இதே அடையாளங்களை வைத்துத்தான் ஆளைப் பிரிக்கிறார்கள்.

விஞ்ஞானிகள் என்றால், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மரினா கார்ட்ஸ் 1979-இலிருந்து இந்த நீலக் குரங்குகளை ஆராய்ந்து வருகிறார். காட்டோரத்துக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள் அவருடைய களப்பணியாளர்களாக இருக்கிறார்கள். ஒவ்வொரு குரங்கையும் முகம் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள். ஒரு குட்டி பிறந்த நாள் தொடங்கி அது பாட்டியாகிச் சாகும் வரை எழுதிவைத்த கணக்கு இருக்கிறது. முப்பது வயதை எட்டும் மந்திகளும் உண்டு என்பது இப்படிப் பொறுமையாக எழுதி வைத்ததால் தெரியவந்ததுதான். நமக்கு இதில் ஒரு லாபம்: இசெச்சேனோ பக்கத்துக் கூட்டங்கள் மனிதனைக் கண்டு ஓடுவதில்லை. நாம் உட்கார்ந்தால் தலைக்கு மேலேயே வேலையைத் தொடரும்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு காலையில்தான் எல்லைச் சண்டையைப் பார்த்தோம். இரண்டு கூட்டத்தின் நிலமும் சந்திக்கிற இடத்தில் ஓர் அத்திமரம், கிளை கொள்ளாமல் பழம். 'எங்கள்' கூட்டம் தின்றுகொண்டிருந்தபோது எதிர்ப்பக்கத்துக் கிளைகள் அசைந்தன. உடனே மந்திகள் தின்பதை விட்டுவிட்டு ஒரு வரிசையாக எல்லைப் பக்கம் நகர்ந்தன. கீச்சு கீச்சென்று ஒரே இரைச்சல். ஒருத்தி பாய்ந்து துரத்துகிறாள், எதிரி பின்வாங்குகிறது; அவர்களில் இரண்டு பேர் சேர்ந்து வருகிறார்கள், இவள் பின்வாங்குகிறாள். வளர்ந்தும் வளராத பிள்ளைகளும் உள்ளே புகுந்து ஆளுக்கொரு சத்தம். கடி விழுந்தது போலத் தெரியவில்லை, துரத்தலும் மிரட்டலும்தான். அரை மணி நேரம் நடந்திருக்கும். கடுவன் இதற்கெல்லாம் நடுவே ஒரு கிளையில் பழம் தின்றுகொண்டிருந்தது.

"அந்தப் பெருசு ஏன்ப்பா சும்மா உக்காந்திருக்கு?"

நியாயமான கேள்வி. அந்த மரம் அதன் சொத்து இல்லை. அடுத்த வருடம் அது வேறு எங்கோ இருக்கலாம். மந்திகளுக்கு அப்படியில்லை, தானும் தன் மகளும் பேத்தியும் தின்ன வேண்டிய மரம். சாப்பாட்டு நிலத்துக்கான சண்டை இந்த இனத்தில் பெரும்பாலும் பெண்களுடையது. அதிலும் எல்லாரும் ஒரே அளவில் வருவதில்லை. முன்னால் நிற்பவர்கள் சிலர், பின்னால் நின்று சத்தம் மட்டும் போடுபவர்கள் சிலர், எதையும் கண்டுகொள்ளாமல் இதுதான் சமயம் என்று பழம் தின்பவர்கள் சிலர். அடுக்ககச் சங்கக் கூட்டத்துக்குப் போனவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

சண்டை முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். பார்க்க வேண்டியது அதற்குப் பிறகுதான் இருக்கிறது. மந்திகள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து பேன் பார்க்க ஆரம்பிக்கும். யார் யாருக்குப் பார்க்கிறாள், எவ்வளவு நேரம் பார்க்கிறாள், பதிலுக்கு யார் பார்க்கிறாள் என்று குறித்து வைத்தால் அந்தக் கூட்டத்தின் உள்கணக்கு கொஞ்சம் கொஞ்சமாகப் புரியும். பெண்களுக்குள் மேல் கீழ் உண்டு. தாயின் இடத்தை ஒட்டியே மகளின் இடமும் அமையும். ஆனால் அதை நிலைநாட்ட அடிதடி அதிகம் நடப்பதில்லை. மேலானவள் வருகிறாள், கீழானவள் மெதுவாக நகர்கிறாள், அவ்வளவே. சில சமயம் அப்போது ஒரு மெல்லிய நடுங்கு குரல் கேட்கும். மதிய உறக்க நேரமான பதினொன்றிலிருந்து இரண்டு வரை இதற்கு ஏற்றது. பயணிகள் சாப்பிடப் போய்விடுகிற நேரமும் அதுதான். நாங்கள் எலுமிச்சை சாதத்தைக் கட்டிக்கொண்டு போய், குரங்குகள் கண்ணில் படாத தூரத்தில் முதலிலேயே சாப்பிட்டுவிட்டு வந்து உட்காருவோம்.

இந்த நட்புக்கணக்கு விளையாட்டு இல்லை. ககமேகா மந்திகளை வைத்தே நிக்கோல் தாம்ப்சனும் கார்ட்ஸும் 2018-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நெருங்கிய தோழிகள் இருந்தால் ஆயுள் கூடும் என்று பபூன் ஆய்வுகள் அதற்கு முன்பே சொல்லியிருந்தன. இங்கே கிடைத்த விடையில் ஒரு திருகு இருந்தது. வருடக்கணக்காக அதே தோழிகளோடு நெருக்கமாக இருந்த மந்திகளுக்குச் சாவு அபாயம் குறைவு. ஆனால் நெருக்கம் பலமாக இருந்தும் தோழிகள் மாறிக்கொண்டே இருந்தவர்களுக்கு அபாயம் கூடுதல். நெருக்கத்தை விட நிலைத்த நெருக்கம் முக்கியம் போலிருக்கிறது. இதைப் படித்த பிறகு வால்மடிச்சி யாரோடு உட்காருகிறாள் என்பதை முன்னைவிடக் கவனமாகக் குறிக்க ஆரம்பித்தேன்.

காது விஷயத்துக்கு வருகிறேன். காட்டில் கண் பார்ப்பதைவிடக் காது கேட்பது அதிகம். கடுவனுக்கு நான் மேலே வேலை ஒன்றும் கொடுக்கவில்லை. உரக்கக் கூவுவதுதான் அதன் பெரிய வேலை. "ப்யாவ்" என்று தொலைதூரம் கேட்கிற ஒரு குரல், அடித்தொண்டையிலிருந்து "பூம்" என்று முரசு போல ஒன்று, "கா கா கா" என்று வெட்டி வெட்டி ஒன்று. இந்தக் "கா" தான் கழுகுக்கு. கொண்டை வைத்த அந்தப் பெரிய ஆப்பிரிக்கக் கழுகு கிளைகளுக்குள்ளேயே நுழைந்து குரங்கைத் தூக்கிவிடும். தரையில் ஆபத்து என்றால் "ப்யாவ்" அதிகம் வரும்; கூட்டம் சிதறியிருக்கும்போதும் அதே குரல் கேட்கும். உகாண்டாவின் புடோங்கோ காட்டில் நடந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. தான் எங்கே இருந்தாலும், கூட்டத்து மற்றவர்கள் கழுகு ஆபத்துக்கு அருகில் இருந்தால் கடுவன் எச்சரிக்கைக் குரலை அதிகம் கொடுத்ததாம். வாடகைக்காரன் என்று நான் சொன்னதில் இவ்வளவு சலுகை கொடுக்கலாம். உங்களுக்கு இதில் பயன் என்னவென்றால், "கா" கேட்டதும் குரங்கைப் பார்க்காதீர்கள். மரங்களுக்கு இடையே வானம் தெரிகிற இடைவெளியைப் பாருங்கள். மந்திகளின் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அங்கே. எனக்குக் கழுகு கண்ணில் பட்டது எல்லாம் இப்படித்தான்.

கூட்டத்தில் செவ்வால் குரங்குகளும் கலந்து திரியும். முதலில் பார்ப்பவர் ஒரே கூட்டம் என்று நினைப்பார். கூடுதல் கண்கள், கூடுதல் காதுகள். கழுகுக்கு எதிராக இருவருக்கும் லாபம். பழமரத்தில் மட்டும் இந்த உறவு கசக்கும். உருவத்தில் பெரிய கிமா துரத்த, செவ்வால் கன்னப்பையில் அள்ளித் திணித்துக்கொண்டு வேறு மரத்துக்கு ஓடிப்போய் மெல்லும். கன்னம் இரண்டும் பந்து போல உப்பியிருக்கும். நீலக் குரங்குக்கும் அந்தப் பை உண்டு. பழம் தவிர இலை, பூ, பூச்சியும் உணவு. ஒரு மந்தி காய்ந்த இலைச்சுருளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பூச்சி தேடுவதைப் பார்த்துக்கொண்டே அரை நாள் கழிக்கலாம்.

எந்த மாதம் போவது என்று கேட்பவர்களுக்கு என் பதில், என்ன பார்க்க ஆசை என்பதைப் பொறுத்தது. ஜூனிலிருந்து அக்டோபர் வரை இனச்சேர்க்கைக் காலம். சில வருடங்களில் அப்போது வெளியிலிருந்து தனிக் கடுவன்கள் கூட்டத்துக்குள் புகுந்துவிடும். இருக்கிற கடுவன் நாள் முழுக்கத் துரத்திக்கொண்டே இருக்கும், ஒன்றைத் துரத்தும்போது இன்னொன்று பின்பக்கமாக வரும். மந்திகளும் ஒருவனோடு நிற்பதில்லை. எனக்குப் பார்க்க விறுவிறுப்பாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு எச்சரிக்கை. புதுக் கடுவன் கூட்டத்தைப் பிடித்தால் பால்குடிக் குட்டிகளைக் கொல்வது உண்டு; ககமேகாவிலேயே இது பதிவாகியிருக்கிறது. குட்டியை இழந்த தாய் சீக்கிரமே மறுபடியும் சினைக்குத் தயாராகும் என்பது விளக்கம். மந்திகள் கூடித் துரத்தப் பார்க்கும், எப்போதும் முடிவதில்லை. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை முன்பே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. "கெட்ட குரங்கு" என்று என் மகள் சொன்னாள். நான் மறுக்கவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை.

பிள்ளைகளை அழைத்துப் போக ஜனவரி, பிப்ரவரி சரி. மழை குறைவு, குட்டிகள் பிறக்கும் காலமும் அதை ஒட்டித்தான். கர்ப்பம் ஏறத்தாழ ஆறு மாதம். ஒரு மந்தி முதல் குட்டியைப் போடவே ஏழு வயது போல ஆகிவிடும். பிறகும் வருடா வருடம் போடுவதில்லை. அதனால் ஒவ்வொரு குட்டிக்கும் கூட்டத்தில் ஏக வரவேற்பு. இன்னும் தாயாகாத இளம் பெண்கள் சுற்றி வந்து உட்கார்ந்து, தாய்க்குப் பேன் பார்ப்பது போலப் பார்த்து, மெல்லக் கையை நீட்டிக் குட்டியை வாங்கிக்கொள்ளும். சில தூக்கத் தெரியாமல் தலைகீழாகத் தூக்கும். குட்டி கத்தினால் தாய் வந்து பிடுங்கிக்கொள்ளும். பல தாய்கள் அந்த நேரத்தில் நிம்மதியாகச் சாப்பிடப் போய்விடுகின்றன.

மரங்களில் எனக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. இசெச்சேனோ பக்கம் பழைய தோட்ட நடவுகளில் சோழவேங்கை நிற்கிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைக்கரைகளில் இருக்கிற அதே மரம். யாரோ கொண்டுவந்து நட்டு, இப்போது கிமாக்கள் அதன் காயைக் கொத்துக் கொத்தாகப் பறிக்கின்றன. காட்டோரத்தில் கொய்யா தானாகப் பரவிக் கிடக்கிறது, அதையும் விடுவதில்லை. உள்ளூர் மரங்களில் ஆப்பிரிக்க ப்ரூனஸ் பழுக்கும்போது குரங்கும் இருவாச்சியும் சேர்ந்து மொய்க்கும். அந்த மரத்தின் பட்டையை மூத்த ஆண்களின் புராஸ்டேட் கோளாறு மருந்துக்காக உரித்து உரித்தே பல மரங்களைக் கொன்றிருக்கிறார்கள். பழம் இருக்கிற மரத்தடியைக் கண்டுபிடித்து உட்கார்ந்தால் பாதி வேலை முடிந்தது. தரையில் புதிதாகத் துப்பிய கொட்டைகள் கிடந்தால் கூட்டம் தூரத்தில் இல்லை.

சாப்பாடு கொடுக்காதீர்கள் என்பதை எல்லோரும் சொல்வார்கள். காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். காட்டை ஒட்டிச் சின்னச் சின்ன மக்காச்சோள வயல்கள். காடு முடிகிற இடத்தில் பல பக்கம் அரசு போட்ட தேயிலைப் பட்டை உண்டு. தேயிலையைக் குரங்கு தின்னாது என்பதால் அது வேலி போல. ஆனால் எல்லாப் பக்கமும் இல்லை. கதிர் முற்றும் சமயம் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகள் வயல் காவலில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நாம் ஆசையாகக் கொடுக்கிற வாழைப்பழம் மனிதனிடம் தீனி கிடைக்கும் என்று கூட்டத்துக்குப் பழக்கிவிடும். அந்தப் பழக்கத்தின் விலையை வயல்காரரும் குரங்கும் கொடுப்பார்கள், நாம் கிசுமுவுக்குத் திரும்பியிருப்போம். சளி, இருமல் இருந்தால் அந்த வாரம் போகாதீர்கள். நம் நோய் அவற்றுக்கு ஒட்டும்.

மற்றதெல்லாம் சாமான் விஷயம். எட்டு மடங்கு பைனாகுலர் போதும். பத்து மடங்கு என்றால் கை நடுக்கமும் பத்து மடங்கு, காட்டின் இருட்டுக்கும் ஒத்துவராது. கழுத்து வலிக்காமல் இருக்க ஒரு பாயோ பிளாஸ்டிக் விரிப்போ கொண்டுபோய் மல்லாந்து படுத்துப் பாருங்கள், ஆனால் விரிக்கும் முன் தரையைப் பாருங்கள். சியாஃபு எறும்பு வரிசையில் ஒருமுறை உட்கார்ந்தவர் மறுமுறை சொல்லாமலே பார்ப்பார். பேன்ட்டின் நுனியைச் சாக்ஸுக்குள் சொருகுங்கள். காலை ஆறரைக்கு, வெளிச்சம் வரும் நேரத்தில் உள்ளே இருக்க வேண்டும். பிற்பகலில் பெரும்பாலும் மழை பிடிக்கும். முந்தைய நாளே வந்து வன நிலையத்துக்குப் பக்கத்தில் தங்கினால் இதெல்லாம் சுலபம். வழிகாட்டியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், "மூன்று வகைக் குரங்கும் காட்ட வேண்டாம், ஒரு கூட்டம் போதும், மதியம் வரை உட்காருகிறேன்" என்று. முதலில் நம்பமாட்டார்கள். வந்தவர்கள் யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது.